அயினி மரத்தடியில் இறங்கி நின்றவர்கள்

கம்பெனிக் கூட்டத்துக்கு ப்ராக்ஸியாகப் போகும் வக்கீலுக்கு அங்கே வாய் கிடையாது. வர முடியாத பங்குதாரருக்குப் பதிலாக உட்காரலாம், எழுத்து வாக்கெடுப்பு வந்தால் அவருடைய பங்குகளுக்கு வாக்களிக்கலாம். பேச உரிமை இல்லை. கை தூக்கச் சொல்லும்போது நம் கை எண்ணிக்கையில் சேராது. பரீட்சைக்குப் படித்துவிட்டு உங்களில் பலர் இதை மறந்திருப்பீர்கள். ஆரியங்கோட்டிலிருந்து வெள்ளறடை போகும் பாதையில் இருந்த ஒரு ரப்பர் ஆலையின் கூடத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்து நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் வக்கீல் சங்கத்தில் உங்களில் ஒருவர், மறக்க முடியாத கேஸ் எது என்று கேட்டார். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் இது. இதற்கு எந்த நீதிமன்றத்திலும் எண் விழவில்லை. விழாமல் போனதற்குக் காரணம் எதிர்த் தரப்பு வக்கீல். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவள் பெயர் கிரேஸ். நான் நாகர்கோவிலில் பத்திரிகை வேலையை விட்டுச் சட்டம் படித்து, நெய்யாற்றின்கரையில் தொழிலுக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். நான் பாறசாலையில் பஸ் ஏறுவேன், அவள் உதியன்குளங்கரையில் ஏறுவாள். என் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்திருப்பேன். யாராவது உட்கார வந்தால் "ஆளுண்டு" என்பேன். பாறசாலையில் ஏறுகிறவர்களுக்கு அது பழகிவிட்டது. கண்டக்டரே சில நாள் எனக்கு முந்தி, "அங்க ஆளுண்டு, பின்னால போங்க" என்று சொல்லிவிடுவார்.

கிரேஸ் பழைய மிஷன் சபைக் குடும்பம். சபைக் கதைகளைச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பாள். ஒருநாள் சொன்னாள்.

"எங்க சபைக் கூட்டத்தில ஒருத்தனும் எதிர்த்துக் கை தூக்கமாட்டான், கேட்டியா மக்கா. முகத்துக்கு நேரே வேண்டாம்னு சொல்லியது மரியாதை இல்ல. பிடிக்கல்லன்னா துவர்த்தை உதறித் தோளில போட்டுட்டு இறங்கி வெளிய போய் மரத்துக்கு கீழ நிப்பாவ. நாலு பேரு இறங்கிட்டா போதும், போதகர் 'சபை ஒருமனப்படல்ல'ன்னு சொல்லி காரியத்தைத் தள்ளி வச்சிருவாரு."

"அப்ப தீர்மானமே வராதா?"

"வரும். மழை பெய்யணும். மழையில ஒருத்தனும் இறங்கமாட்டான்."

அன்று இதைச் சிரிப்பாக மட்டும்தான் கேட்டேன்.

இனி ஆலை. தொண்ணூறுகளின் பிற்பாதி, ரப்பர் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்துச் சிறு விவசாயிகள் பங்கு சேர்த்துத் தொடங்கிய கம்பெனி அது. ஆலை வருவதற்கு முன் அவர்கள் ரப்பர் ஷீட்டைச் சுமந்துகொண்டு வியாபாரியிடம் போவார்கள். அவன் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பார்த்து முடிக்கும் முன்பே தரம் மட்டம் என்பான். ஆலையில் தரம் பார்ப்பது அவர்களுடைய ஆட்களே. அந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் கம்பெனியே பிறந்தது.

என் கட்சிக்காரர் ஸ்டெல்லாபாய் அதன் டைரக்டர்களில் ஒருவர். கணவர் இறந்தபின் மரத்தைச் சீவிப் பாலெடுப்பது, ஷீட் அடிப்பது எல்லாம் அவரே. வீடு வீடாகப் போய் ஆட்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்தவரும் அவர்தான். சேர்மன் தங்கப்பன் ஆலையைக் கோட்டயத்துக்காரர் ஒருவருக்கு விற்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் பொய்யாகும். ஆலை இனி ஓடாது என்று அவர் நம்பினார். ஸ்டெல்லாபாய் வேறு மாதிரி நினைத்தார்.

"விலை இறங்கும், ஏறும்," என்றார் என் அறையில். "ஆலை போனா, நாங்க அந்த வெளிச்சத்துக்கு முன்னால பழையபடி போய் நிக்கணும். எனக்கு அது மட்டும் வய்யா."

சேர்மனுக்குச் சட்ட ஆலோசகர் கிரேஸ்.

அந்த வாரங்களில் நாங்கள் பஸ்ஸில் ஆலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அப்படி வைத்துக்கொள்வோம் என்று பேசி முடிவு செய்யவும் இல்லை. அவள் அம்மாவின் காது கேட்கும் கருவி, மரச்சீனிக் கிழங்குக்கு எந்த மீன் சேரும், புதிய முன்சீப்பின் கோபம் என்று பேசிக்கொண்டு வந்தோம். நெய்யாற்றின்கரையில் இறங்கியதும் அவரவர் அறைக்கு நடப்போம். கட்சிக்காரரின் காரியத்தைப் பேசாமலேயே ஒருவரோடு இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியும் என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. பின்பும் அப்படி ஒன்று எனக்கு வாய்க்கவில்லை.

கூட்டத்தன்று ஆலையின் கூடம் நிறைந்திருந்தது. வெளியே வாசலுக்கு நேராக ஒரு பெரிய அயினி மரம். வளைகுடாவில் இருந்த ஸ்டெல்லாபாயின் நாத்தனாருக்கு நான் ப்ராக்ஸி. அவருக்கு மொத்தப் பங்குகளில் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அந்த அளவு இருந்தால் ப்ராக்ஸியும் எழுத்து வாக்கெடுப்பைக் கோரலாம். கோரிக்கையை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்திருந்தேன். அதைக் கையில் எடுக்கவேண்டிய நிலை வராது என்றுதான் நினைத்தேன். உள்ளே இருந்த முகங்களைப் பார்த்தால், கை தூக்கினாலே விற்பனை விழுந்துவிடும்.

ஸ்டெல்லாபாய் எழுந்து, விற்றபின் தரம் பார்ப்பது யார் என்று கேட்டார்.

தங்கப்பன் களைத்திருந்தார். காலையிலிருந்து எல்லோரும் அதே கேள்வியை அவரிடம் கேட்டிருந்தார்கள்.

"ஸ்டெல்லா, ஷீட் அடிக்கியவங்களுக்கு ஷீட் அடிக்கியதாக்கும் ஜோலி. கம்பெனி காரியத்தை அது தெரிஞ்ச ஆளுகளுக்கு விடணும்."

மூன்றாவது வரிசையில் இருந்த யோவான் என்ற பெரியவர் எழுந்தார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து ஒருமுறை உதறி, திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவருக்குப் பின்னால் இருவர். பிறகு ஒரு வரிசை. நாற்காலிகள் சிமென்ட் தரையில் இழுபட்டன. பெண்கள் பக்கமும் எழுந்தது.

எனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது. கிரேஸ் சொல்லிச் சிரித்த கதை என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கணக்கில் அது மிகக் கடுமையான மறுப்பு. சட்டத்தின் கணக்கில், விற்பனையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் தாங்களாகவே கூட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு உள்ளே இருந்தவர்கள் போதும். அவர்கள் அத்தனை பேரும் சேர்மன் பக்கம்.

கடைசியாக ஸ்டெல்லாபாயும் எழுந்தார். என்னைக் கடக்கும்போது குனிந்து, "வாங்க வக்கீலம்மா," என்றார்.

அவர் என் கட்சிக்காரர். அது அவருடைய உத்தரவு. கூப்பிட்டு விளக்க எனக்கு அங்கே வாய் இல்லை. பின்னாலேயே ஓடி, மரத்தடியில் விளக்கி, எல்லோரையும் திரும்ப அழைத்து வருவதற்குள் தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்துவிடுவார்கள். அறிவித்து முடிந்தபின் வாக்கெடுப்பைக் கோர முடியாது. தலையை மட்டும் அசைத்தேன், வரமாட்டேன் என்று. அவர் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு போனார். அந்த முகத்தை நான் வருணிக்கப் போவதில்லை. உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு முகம் வாய்க்கும், அப்போது அடையாளம் தெரியும்.

"எதிர்க்கியவங்க கை தூக்கலாம்," என்றார் தங்கப்பன்.

ஒரு கையும் இல்லை.

"ஆதரிக்கியவங்க?"

இருந்த கைகள் எல்லாம் மேலே போயின. செயலாளர் எண்ணி எழுதினார். தங்கப்பன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அறிவிக்க வாயைத் திறந்தபோது நான் எழுந்து போய் மடித்த தாளை அவர் முன் வைத்தேன்.

"வக்கீலம்மா, ப்ராக்ஸி இஞ்ச பேசப்படாது. தெரியாதா?"

அவருக்குப் பக்கத்தில் இருந்த கிரேஸ், "அவங்க ஒண்ணும் பேசல்லியே சாரே. கடுதாசிதானே தந்தாங்க," என்றாள்.

பின்னாலிருந்து ஒருவர், "பேசாத வக்கீலை இப்பதான் பாக்கியேன்," என்றார். மிச்சமிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கிரேஸ் தாளைப் படித்தாள். கோரிக்கை செல்லும் என்று சேர்மனிடம் சொன்னாள். வாக்கெடுப்பு எப்போது என்ற அடுத்த கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட வாக்கெடுப்பை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் சேர்மன் வைக்கலாம். அந்த நிமிடமே வைக்கவும் சட்டம் அவரைத் தடுக்காது.

"இப்பவே எடுத்தா என்ன?" என்று தங்கப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மேசையோரம் நின்ற எனக்கு அது கேட்டது.

"எடுக்கலாம்," என்றாள் கிரேஸ்.

பிறகு வாசலைப் பார்த்தாள். மரத்தடியில் அவர்கள் வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆனா எடுத்தா அது மெட்ராஸில நிக்காது சாரே. அவிய போகல்ல. இறங்கி நிக்கியாவ. ரெண்டும் வேறேன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே எடுத்தீங்கன்னு கம்பெனி லா போர்டில சொல்லுவாங்க, அது உண்மையாவும் இருக்கும். நாளைக்கு வையுங்க."

தங்கப்பனும் வாசலைப் பார்த்தார். வீடு வீடாகப் போய்ப் பேச ஒரு சாயங்காலம் கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது அவரும் அந்த ஊர்க்காரர் என்பதாலும் இருக்கலாம். மறுநாள் காலை வாக்கெடுப்பு என்று அறிவித்தார்.

கிரேஸ் அப்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பத்திரிகையில் பார்வைகளைப் பற்றி எழுதினால் செய்தி ஆசிரியர் அடித்துவிடுவார். யார் என்ன சொன்னார், யார் எங்கே நின்றார், அது போதும் என்பார். ஆகவே இதை மட்டும் சொல்கிறேன்: மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

மரத்தடிக்குப் போனேன்.

"தள்ளியாச்சில்லியா?" என்றார் யோவான்.

"இல்ல. நாளைக்கு காலத்தே எழுத்து ஓட்டு."

"நாங்கதான் இறங்கியாச்சே! பின்ன எதுக்காக்கும் ஓட்டு?"

"வெளிய நிக்கியவங்க கம்பெனிச் சட்டத்துக்கக் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. உள்ள இருக்கியவங்களைத்தான் எண்ணும்."

"அப்ப இத்தனை பேரும்?"

"இல்லாத ஆளுக."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "கேட்டீரா வோய், நீரு இல்லாத ஆளாக்கும். வீட்டில போய் சொல்லும், உமக்க பெண்டாட்டி சந்தோசப்படுவா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாபாய் சிரிக்கவில்லை.

"நான் விளிச்சப்ப ஏன் வரல்ல?"

"வந்திருந்தா இந்நேரம் ஆலை கைவிட்டுப் போயிருக்கும்."

அவர் கூடத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப நாளைக்கு உள்ள வந்து இருக்கணும். என்ன சொன்னாலும் எழும்பப்படாது. அதானே?"

"அதுதான்."

"ஷீட் அடிக்கியது இதைவிட லேசு," என்றார்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். முந்தின நாள் வராதவர்களும் வந்தார்கள். இந்த வாக்கெடுப்பு ரகசியமானது அல்ல. பெயர், பங்கு எண், கையெழுத்து, ஆதரவா எதிர்ப்பா, எல்லாம் ஒரே தாளில் எழுத வேண்டும். யோவான் பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் நின்றார்.

"இந்தத் தங்கப்பன் எனக்க மகளுக்க கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து பந்தலுக்குக் குழி தோண்டினவன். இவனுக்க முகத்துக்கு நேரே எதிர்ப்புன்னு எழுதச் சொல்லுதியளா?"

மேசைக்குப் பின்னால் இருந்த தங்கப்பனுக்குக் கேட்டது.

"எழுதும் வோய். உமக்க எழுத்து கோழி கிண்டினது மாதிரியாக்கும். எனக்கு வாசிக்க வராது."

யோவான் எழுதினார். பங்குகளை எண்ணி முடித்தபோது விற்பனைத் தீர்மானம் தோற்றிருந்தது. தங்கப்பனே அதை வாசித்தார், குரல் மாறாமல். ஸ்டெல்லாபாய் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போனபிறகும் அந்த நாற்காலியிலேயே இருந்தார், நேற்றைய பாடத்தை இன்னும் விடாதவர் போல.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன். கிரேஸ் வந்து உட்கார்ந்தாள். பஸ் அமரவிளையைத் தாண்டியது. பிறகு நான் அவள் பக்கம் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"உபகாரம்னு ஒரு வார்த்தை வந்தா அடுத்த ஸ்டாப்பில இறங்கிருவேன், கேட்டியா."

"நான் ஒண்ணும்—"

"நான் உனக்கு ஒண்ணும் செய்யல்ல மக்கா. எனக்க கட்சிக்காரனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தேன். நீ எனக்கு உபகாரம் சொன்னா, நான் அவனுக்குத் துரோகம் செய்ததா ஆவும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் சொன்னது சரி என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தங்கப்பன் அன்றே வாக்கெடுப்பை முடித்திருந்தால் நான் மெட்ராஸுக்கு மனுவோடு போயிருப்பேன். பங்குதாரர்களை ஒடுக்கினார் என்று சொல்ல அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்திருக்காது. விற்பனை நின்றிருக்கும், அவர் பதவியும் போயிருக்கும். கிரேஸ் அவரை அதிலிருந்து காப்பாற்றினாள். மரத்தடியில் நின்ற அதே ஆட்கள் அவரைத் திரும்பத் திரும்ப சேர்மனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அந்த நாற்காலியில் இருந்தபடியேதான் மூப்பானார். அந்த நாற்காலி யார் தந்தது என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். இரண்டு வக்கீலம்மாக்களும் தினமும் ஒரே சீட்டில் போகிறவர்கள். நெய்யாற்றின்கரை வக்கீல்கள் அறையில் ஒருவர் என் காதில் விழும்படியே, "ஒரே சீட்டில இருந்து ரெண்டு கட்சியும் நடத்தினா பின்ன எப்பிடி?" என்றார். பதில் சொல்ல எழப்போய் உட்கார்ந்துவிட்டேன். நான் கிரேஸுக்காகப் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு இன்னொரு சான்று ஆகும். வாய் இல்லாத இடம் கம்பெனிக் கூட்டம் மட்டும் அல்ல என்று அப்போது தெரிந்தது.

ஆலையின் காகிதக் கட்டுகளை அவளிடமிருந்து திரும்ப வாங்கித் திருவனந்தபுரத்து வக்கீல்களிடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு கம்பெனிகள் போயின. அவள் என்னிடம் ஒருநாளும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. மரச்சீனியைப் பற்றித்தான் பேசினாள். ஒரு மழைக்காலத்தில், பம்பாயில் ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள்.

"போவியா?"

"போவாம? இஞ்ச எனக்கு ஒண்ணும் இல்லியே மக்கா."

ஒன்றும் இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவள் அன்று நெய்யாற்றின்கரையில் எப்போதும்போல எனக்கு முன்னால் இறங்கி, "வாறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பக்கம் நடந்தாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கட்சிக்காரர் கூப்பிடும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் ஒன்று வரும். எதிர்த் தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் சொல்லும் நேர்மையான யோசனை உங்களுக்கு வெற்றியாக வந்து சேரும் நேரமும் வரும். அப்போது நன்றி சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவரைக் கெடுக்கும். அதை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அது கனமாக இருக்கும், வருடங்கள் போனால் குறையும் என்று நினைப்பீர்கள். குறைவதில்லை. இப்போது நீங்கள் திரையில் ஒரு பொத்தானை அழுத்தி வாக்களிக்க வைக்கிறீர்கள். யாரும் எழுந்து வெளியே போக வேண்டியதில்லை, மரமும் வேண்டியதில்லை. அந்த மேசைக்கு எதிரே, உங்கள் தாளைப் படித்துவிட்டு "செல்லும்" என்று சொல்ல ஒருத்தி இருப்பாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போதும் மாதத்தில் சில நாள் நெய்யாற்றின்கரைக்குப் போகிறேன். போனவாரம் பாறசாலையில் ஒரு பெண் ஏறினாள், கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் கேஸ் கட்டுகள். உங்களில் ஒருத்தியாக இருக்கலாம். என் பக்கத்தில் இருந்த கைப்பையைக் காட்டி, "அம்மா, இஞ்ச ஆளுண்டா?" என்று கேட்டாள்.

உதியன்குளங்கரை இன்னும் வந்திருக்கவில்லை.

"ஆளுண்டு," என்றேன்.